மலையில் முதல் டிசம்பர்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஓர் ஆண்டிறுதி விருந்து வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் பலருக்கு முதல் டிசம்பரிலேயே ஓர் ஆசை வந்துவிடுகிறது. வீட்டில் நட்சத்திரம் தொங்கவிட்டு, கேக் வெட்டி, சமவெளியிலிருந்து உறவினர்களையும் தெருவிலிருந்து அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைக்க வேண்டும் என்பதுதான் அது. நல்ல ஆசை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சென்னையிலோ கோவையிலோ மொட்டை மாடியில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் விருந்தை அப்படியே இங்கே தூக்கி வந்து வைக்க முடியாது. இங்கே குளிர் இருக்கிறது, வளைவுச் சாலை இருக்கிறது, இருட்டினால் தெருவுக்கு வரும் காட்டு மாடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, டிசம்பரில் உங்கள் தெருவில் ஒரே ஒரு பண்டிகை மட்டும் நடப்பதில்லை.

இந்த வழிகாட்டி நீலகிரியை மனத்தில் வைத்து எழுதியது. பழனி மலையில், கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: நாள் குறிப்பது

காலண்டரில் 25ஆம் தேதியை வட்டமிடுவதற்கு முன்னால் பக்கத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 24ஆம் தேதி இரவும் 25ஆம் தேதி காலையும் ஆலயத்துக்கு உரியவை. கத்தோலிக்கர் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவார்கள். சி.எஸ்.ஐ. சபையினருக்குப் பெரும்பாலும் விடியற்காலை ஆராதனை. 25ஆம் தேதி பிற்பகலில் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போவார்கள். அன்று உங்கள் வீட்டு விருந்துக்கு அழைத்தால் மறுக்கவும் முடியாமல் வரவும் முடியாமல் சங்கடப்படுவார்கள்.

படுகர் குடும்பங்களுக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரி தொடக்கமும் ஹெத்தையம்மன் பண்டிகைக் காலம். கோத்தகிரி பக்கம் பேரகணி உள்ளிட்ட ஊர்களை நோக்கி வெள்ளை உடை உடுத்திப் பக்தர்கள் நடந்து போவதைச் சாலையில் பார்ப்பீர்கள். விரதம் இருப்பவர் வீட்டில் அந்த நாட்களில் அசைவம் இருக்காது. இந்த ஆண்டு எந்த நாட்கள் என்று பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். கேட்டாலே மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்தியவர்கள், மார்கழி பஜனைக்கு விடியற்காலையில் எழுபவர்கள் என்று இன்னும் பலர் இருப்பார்கள். டிசம்பரில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் பாதிப் பேர் ஏதோ ஒரு நோன்பில் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சைவச் சமையலுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனி மேசை ஒதுக்குங்கள். இதைச் செய்துவிட்டு, அழைக்கும்போதே சொல்லியும்விடுங்கள். தயங்கி நிற்பவர்கள் அதைக் கேட்ட பிறகுதான் வருவார்கள்.

உதகைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தோடர் மக்கள் ஆண்டு முடிவையொட்டி முத்தநாடு மந்து என்ற தங்கள் குடியிருப்பில் கூடி, மூன்போ கோவிலில் வழிபட்டு, பூத்துக்குளி என்ற சால்வையைப் போர்த்தி ஆடிப்பாடி, இளவட்டக்கல் தூக்குவார்கள். அது அவர்களுடைய வழிபாடு. விருந்தாளிகளுக்குக் காட்டும் காட்சியாக உங்கள் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்க்காதீர்கள்.

என் யோசனை: 26ஆம் தேதிக்கும் 30ஆம் தேதிக்கும் இடையில் ஒரு நாள். அதில் ஞாயிறு வந்தால் மிக நல்லது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அன்றுதான் ஓய்வு. ஆலயம் முடிந்து வருபவர்களுக்கும் மதியம் கை ஒழிந்திருக்கும்.

டிசம்பர் 25 தவறிப்போகிறதே என்று வருந்த வேண்டாம். இயேசு பிறந்த தேதியை நற்செய்தி நூல்கள் எங்கும் சொல்லவில்லை. ரோமில் டிசம்பர் 25ஐக் கொண்டாடியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 336ஆம் ஆண்டுக்கு உரியது. அதே நகரத்தில் அதற்கு வெகு முன்பிருந்தே டிசம்பர் 17இல் தொடங்கும் சாட்டர்நேலியா என்ற திருவிழா இருந்தது. அந்த நாட்களில் கடைகளை மூடிவிட்டு விருந்து உண்பார்கள், மெழுகுவத்திகளைப் பரிசாகக் கொடுப்பார்கள், எசமானர்கள் அடிமைகளுக்குப் பரிமாறுவார்கள். பகல் மிகக் குறுகி, பிறகு மெல்ல நீளத் தொடங்கும் பருவம் அது. அந்தப் பருவத்தில் விளக்கேற்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது பல சமூகங்களில் இருந்து வந்திருக்கிறது. ஆகவே நீங்கள் 28ஆம் தேதி கூப்பிட்டாலும் காலம் கெட்டுவிடாது.

நேரம்: பகலில் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலையில் விருந்து என்றால் பகல் 12 மணிக்குத் தொடங்கி நான்கரைக்குள் முடிய வேண்டும்.

டிசம்பரில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறினால் பத்தடி தள்ளி நிற்கும் வண்டி தெரியாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருட்டிய பிறகு காட்டு மாடு தெருவில் நிற்பது சாதாரணம். கரடியும் சிறுத்தையும் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளுக்கு வருவதுண்டு. விருந்து முடிந்து முதியவர்களும் குழந்தைகளும் படிக்கட்டுப் பாதையில் நடந்து வீடு சேர வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கே பல வீடுகளுக்கு வாசல்வரை வண்டி போகாது.

பகல் வெயிலுக்கு வேறொரு நன்மையும் உண்டு. வானம் தெளிந்த டிசம்பர் மதியத்தில் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஸ்வெட்டர் தேவைப்படாத அளவுக்கு இதமாக இருக்கும். அதே இடத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கையில் தட்டைப் பிடிக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் டிசம்பர் முழுவதும் இழுத்துக்கொண்டு போவதால், மழை வந்தால் எல்லோரையும் உட்கார வைக்க உள்ளே ஓர் அறையையும் தயாராக வையுங்கள்.

பாட்டுப் பெட்டி வைப்பதென்றால் அளவோடு வையுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உள்ளது. பகலிலும் இங்கே ஒரு சரிவில் போடும் பாட்டு எதிர்ச் சரிவுவரை கேட்கும்.

வெளியூர் விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

வெளி மாவட்டங்களிலிருந்து வண்டியில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் வாரத்தில் அரசு இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மைசூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு: பந்திப்பூர் வனச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்படும். அதற்கு ஏற்றபடி கிளம்ப வேண்டும்.

மலை ரயிலில் வர ஆசைப்படுகிறவர்கள் வெகு முன்னதாகவே டிக்கெட் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கி.மீ.தான், ஆனால் ஏறிவர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே விருந்து நாளன்று காலை ரயிலை நம்பி வர வேண்டாம், முதல் நாளே வந்துவிடச் சொல்லுங்கள்.

மலைச் சாலைக்குப் புதியவர் வண்டி ஓட்டினால் இரண்டே விஷயம்: ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்க வேண்டும்.

அப்புறம் பிளாஸ்டிக். தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கட்டுப்பாடு இருக்கிறது, சோதனையும் கடுமை. சின்னத் தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டியோடு வரும் மாமாவைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் இருக்கிறது, வெறுங்கையோடு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அலங்காரம்: ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது

கடையில் கிடைக்கும் மினுமினுப்பை எல்லாம் வாங்கி அடைப்பதைவிட, மூன்று நான்கு பொருட்களை மட்டும் வைத்து, அவற்றின் கதையைத் தெரிந்துவைத்திருப்பது அழகு. வரும் குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யவும் அந்தக் கதை உதவும்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மலை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. அசிசி நகர் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில், ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் நிரப்பி, உயிருள்ள காளையையும் கழுதையையும் நிறுத்தி, அங்கே வழிபாடு நடத்தினார். பிறப்பின் எளிமையை ஊர் மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் காளையும் கழுதையும் நற்செய்தியின் பிறப்புக் கதையில் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் வரும் ஒரு வரியிலிருந்துதான் அவை குடிலுக்குள் வந்தன.

குடிலுக்கு நம் மலையிலேயே பொருள் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து முடிந்தபின் வெட்டிப் போட்ட செடித் தண்டுகள் காய்ந்து, முறுக்கிக்கொண்டு, நல்ல உறுதியோடு கிடக்கும். தோட்டத்தாரிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டால் குடிலுக்குத் தூணும் விட்டமும் கிடைத்துவிடும். கூரைக்குக் காய்ந்த புல் போதும். சோலை மரங்களில் படர்ந்த பாசியை மட்டும் உரித்து வராதீர்கள். அது வளரப் பல ஆண்டுகள் ஆகும், நமக்கோ பத்து நாள் அலங்காரம்.

பசுமைக்குக் கேழ்வரகு முளைக்க வைப்பது தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் பழைய வழக்கம், மிக அழகான வழக்கமும்கூட. ஒரு பிடி கேழ்வரகை இரவு ஊற வைத்து, மறுநாள் அகலமான தட்டில் ஈர மண் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். மேலே மெல்லிய ஈரத் துணி போடுங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் துணியை எடுத்துவிட்டு, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்து வாருங்கள். சமவெளியில் ஒரு வாரத்தில் புல்தரையாகிவிடும். இங்கே குளிரில் அதைவிட மெதுவாகத்தான் வரும். பகலில் வெயில் விழும் ஜன்னலிலும் இரவில் அடுப்புக்கு அருகிலும் மாற்றி மாற்றி வைத்து, டிசம்பர் 8, 10 வாக்கிலேயே தொடங்கிவிடுங்கள். தண்ணீர் அதிகமானால் வேரில் பூஞ்சை பிடிக்கும், தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். விரல் நீளம் வளர்ந்த பிறகு அதன் நடுவே ஆட்டுப் பொம்மைகளை வைத்துப் பாருங்கள், குழந்தைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். கத்தோலிக்க வீடுகளில் 24ஆம் தேதி நள்ளிரவு வரை குடிலின் தீவனத் தொட்டியைக் காலியாக விட்டு, அப்போதுதான் குழந்தை இயேசுவின் சொரூபத்தை வைப்பார்கள்.

அடுத்தது நட்சத்திரம். மத்தேயு நற்செய்தியில் ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனின் நினைவு இது. காகிதத்தில் பல முனைகளோடு செய்து, உள்ளே விளக்கு வைக்கும் நட்சத்திரங்களில் புகழ்பெற்ற ஒன்று, 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் இருந்த மொரேவியக் கிறிஸ்தவச் சபையின் பள்ளியில் வடிவகணிதப் பயிற்சியாகத் தோன்றியது. இங்கே காகித நட்சத்திரத்துக்கு எதிரி மூடுபனிதான். இரண்டே நாளில் நமத்துத் தொங்கிவிடும். தாழ்வாரத்துக்குள் கட்டுங்கள், உள்ளே எல்.இ.டி. விளக்கு போடுங்கள். பழைய குண்டு பல்பு காகிதத்தைக் கருக்கிவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கண்டிப்பு: எந்த மரத்தையும் கிளையையும் வெட்டாதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானிய நாடுகளின் வழக்கம். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளில் ஊசியிலை மரத்தை நிறுத்தி அதில் காகித ரோஜாக்களும் ஆப்பிளும் தொங்கவிட்டதாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு ஆங்கிலேயரிடையே அது வேகமாகப் பரவியது. நம் ஊர் நர்சரியில் தொட்டியில் கிடைக்கும் அரக்கேரியா அந்த மரம் அல்ல. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவைச் சேர்ந்தது. ஆனால் அடுக்கடுக்காக நிற்கும் அதன் கிளைகள் அலங்காரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். ஒரு தொட்டி வாங்கினால் பல ஆண்டுகள் உள்ளே வெளியே மாற்றிப் பயன்படுத்தலாம்.

சிவப்புக்குப் பாயின்செட்டியா. மெக்சிகோவின் செடி. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் 1820களின் கடைசியில் தன் நாட்டுக்கு அனுப்பியதால் அவர் பெயர் வந்தது. சிவப்பாகத் தெரிவது இதழ் அல்ல, இலை. இரவு நீளும்போது அந்த இலைகள் நிறம் மாறுகின்றன. அதனால்தான் சரியாக டிசம்பரில் நம் மலைச் சாலை ஓரமெல்லாம் சிவக்கிறது. கிளை ஒடித்தால் வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தொட்டியில் வைத்திருந்தால் உறைபனி இரவுகளில் கூரைக்கு அடியில் இழுத்துவிடுங்கள். உதகை தாவரவியல் பூங்காவிலேயே இந்தப் பருவத்தில் நாற்றுகளைத் தழை போட்டு மூடித்தான் காப்பாற்றுகிறார்கள்.

இவை எல்லாம் மலைக்கு எப்படி வந்தன என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு: கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இங்கே ஏறிவந்த பின்னர் உதகை ஆங்கிலேயர் குடியிருப்பாக வளர்ந்தது. புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டரில் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்தவை. 1840களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்தவர்கள் கேத்தியில் வந்து தங்கினார்கள். ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் கிறிஸ்துமஸ் அவர்கள் விட்டுப்போனது மட்டுமல்ல. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும், படுகக் கிறிஸ்தவர்களும், மலையாளிகளும், சமவெளித் தமிழர்களும் தங்கள் தங்கள் கைமணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பண்டிகையன்று சுடும் அச்சு முறுக்கையும் கல்கல்லையும் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

சமையல்: உயரம் சொல்வதைக் கேளுங்கள்

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், உதகை 2,240 மீட்டர் உயரம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். குன்னூரில் ஏறத்தாழ 94, உதகையில் 93 டிகிரி. கொதிக்கிறது என்று பார்ப்பீர்கள், பருப்பு வேகாது. ஆகவே பருப்பு, பயறு, கொண்டைக்கடலை எல்லாம் இரவே ஊற வேண்டும், குக்கரில்தான் வேக வேண்டும், வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக வைக்க வேண்டும். பிரியாணிக்கு அரிசியை அதிக நேரம் ஊற வைத்து, தம் போடும் நேரத்தையும் கூட்டுங்கள்.

இட்லி மாவு ஓர் இரவில் பொங்காது. முந்தின நாள் காலையிலேயே அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையில் வையுங்கள். அவசரத்துக்கு ஆப்பம், இட்லி என்று இறங்காமல் சப்பாத்தி, பிரியாணி, சூப் என்று வைத்துக்கொள்வது நிம்மதி.

25 பேருக்கு 3 கிலோ அரிசி பிரியாணி போதும். டீ மட்டும் கணக்கு வேறு. குளிரில் ஆளுக்கு இரண்டு மூன்று முறை கேட்பார்கள், 5 லிட்டர் பாலாவது வாங்கி வையுங்கள். டீயோடு உதகை வர்க்கி வையுங்கள். காய்கறிக்குக் குறைவே இல்லை: காரட், பீட்ரூட், நூல்கோல், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் மார்க்கெட்டில் மண் ஒட்டியபடியே கிடைக்கும். அவற்றைப் போட்டு மிளகு தூக்கலாக ஒரு சூப் வைத்து, வருபவர்களுக்கு வாசலிலேயே ஒரு டம்ளர் கொடுங்கள். படுகர் வீட்டு அவரைக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு அவர் கைப்பக்குவத்தில் ஒரு பாத்திரம் வரட்டும். அவர் விருந்தில் ஒரு பங்கு ஏற்றுக்கொண்டால் அந்த உறவு ஆண்டு முழுவதும் நிற்கும்.

இனி கேக். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் சமவெளிக் குறிப்பை வைத்துக்கொண்டு செய்து, கேக் நடுவில் குழி விழுந்து வருத்தப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். கேக்கை உப்ப வைக்கும் வாயு காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அதிகமாக விரியும். மாவு உறுதிப்படுவதற்கு முன்பே உயர்ந்து, பிறகு சரிந்துவிடும். ஈரமும் சீக்கிரம் ஆவியாகும். அதனால் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைக்க வேண்டும், திரவத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும், சூட்டையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

ஒரு நடுத்தரக் கேக்குக்கு: திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல், முந்திரி எல்லாம் சேர்த்து 300 கிராம். பொடியாக நறுக்கி, ஆரஞ்சுச் சாற்றில் இரண்டு நாள் ஊற வையுங்கள். ரம் சேர்ப்பவர்கள் சேர்க்கலாம், ஆனால் நோன்பில் இருப்பவர்களும் குழந்தைகளும் வரும் விருந்து என்பதால் சாறு மட்டும் போட்டது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மாலை போட்டவர்களுக்காக முட்டை சேர்க்காத ஒன்றைப் பேக்கரியில் சொல்லி வைத்துவிடுங்கள்.

கேக்குக்கு நிறம் தருவது கருக்கிய சர்க்கரை. அடி கனமான பாத்திரத்தில் 75 கிராம் சர்க்கரையை ஒரு ஸ்பூன் தண்ணீரோடு சிறு தீயில் வையுங்கள். முதலில் தெளிவாக உருகும், பிறகு தேன் நிறமாகும், அப்புறம் சிவந்து ஓரத்தில் நுரை கட்டும். புகை லேசாகக் கிளம்பி, நிறம் பழுத்த புளி போல ஆகும் நொடியில் அடுப்பை அணைத்து, தள்ளி நின்று, கால் கப் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சீறிக்கொண்டு மேலே தெறிக்கும், கையை நீட்டாதீர்கள். இன்னும் அரை நிமிடம் விட்டால் கசந்துவிடும். முன்பே நிறுத்தினால் கேக் வெளிறிப்போகும்.

200 கிராம் வெண்ணெயை, குளிரில் கல்லாக இருக்கும் என்பதால், முதல் நாள் இரவே சமையலறையில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். அதோடு 180 கிராம் பொடித்த சர்க்கரையை நுரைக்க அடித்து, 4 முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 200 கிராம் மைதா, முக்கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடியைச் சலித்துக் கலந்து, கருக்கிய சர்க்கரைப் பாகையும் ஊறிய பழங்களையும் சேருங்கள். 175 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆன பிறகு குச்சி குத்திப் பாருங்கள். ஆறியதும் வெண்ணெய்த் தாளில் சுற்றி வைத்தால் இந்தக் குளிரில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள்தான் ருசி கூடும்.

பழக் கேக் இங்கிலாந்தின் பண்டம்தான், ஆனால் நமக்கு மிக அருகிலேயே அதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. மேற்கே மலை இறங்கினால் வரும் தலச்சேரியில், பேக்கரி வைத்திருந்த மாம்பள்ளி பாபு, தோட்ட முதலாளி ஒருவர் கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து, நம் ஊர் மசாலாவும் உள்ளூர் மதுவும் சேர்த்து 1883இல் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் வரலாறு.

பரிமாறப் பாக்குமட்டைத் தட்டு அல்லது வாழை இலை. இலை மேட்டுப்பாளையத்திலிருந்துதான் ஏறி வர வேண்டும், இரண்டு நாள் முன்பே கடையில் சொல்லி வையுங்கள். பெரிய அண்டா, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் எல்லோருக்கும் தேவைப்படும் என்பதால் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

சிலிண்டர் குளிர்ந்து கிடந்தால் காலையில் அடுப்பு மங்கலாக எரியும். குளிரில் திரவம் வாயுவாக மாறுவது குறைவதே காரணம். வெயில் வரும் வரை பொறுத்திருங்கள், அல்லது இரண்டு அடுப்பில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு அருகில் நெருப்பைக் கொண்டுபோய்ச் சூடேற்றக் கூடாது.

கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்

இரவு தங்கும் விருந்தாளிகள் குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு படுத்து, காலையில் எழுந்திருக்காத செய்தி இந்த மலைகளிலிருந்து வந்திருக்கிறது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடும். கனப்புச் சட்டியைத் திறந்த தாழ்வாரத்தில் மட்டும் வையுங்கள், படுக்கப் போகும்போது அணைத்து வெளியிலேயே விட்டுவிடுங்கள். தங்குபவர்களுக்குக் கூடுதல் கம்பளி, வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறை, குல்லா எடுத்து வைத்தால் போதும். இதைக் கூச்சப்படாமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திறந்தவெளியில் விறகு மூட்டிக் குளிர்காயும் ஆசையை வனத்தை ஒட்டிய வீடுகளில் விட்டுவிடுங்கள். உறைபனியில் கருகிய புல் ஒரு பொறிக்குத் தீப்பிடிக்கும். பட்டாசும் வேண்டாம்.

விளையாட்டும் பரிசும்

இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் பரிசு தருவது என்று ரகசியமாக முடிவு செய்யும் கிறிஸ்துமஸ் நண்பர் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். தொகைக்கு ஒரு வரம்பு வையுங்கள், 100 ரூபாய் என்றால் யாருக்கும் பாரமில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சி. நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருந்த மைரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ்தான் அவருக்கு மூலம். ஏழை வீட்டுப் பெண்களின் திருமணத்துக்காக யாருக்கும் தெரியாமல் இரவில் பணமுடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபுக் கதை. அந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டுப் பரிசைக் கொடுங்கள்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடியபடி வீடு வீடாகப் போகும் கீத பவனிக் குழு உங்கள் தெருவுக்கு வந்தால் கதவைத் திறந்து, சூடாகச் சுக்குக் காப்பி கொடுங்கள். குளிரில் நடந்தே வருகிறார்கள்.

முடிந்த பிறகு

அன்று மாலையே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மிச்சச் சாப்பாடு, இலை, எலும்பு எதையும் இரவில் வெளியே வைக்கக் கூடாது. கோவில்களில் விளக்கு எண்ணெயைத் தேடிக் கதவை உடைத்து நுழையும் கரடிகள் உள்ள ஊர் இது. பிரியாணி அண்டாவின் வாசனை அவற்றுக்கு வெகு தூரம் போகும். ஒருமுறை ருசி கண்டுவிட்டால் தெருவுக்கே தொடர்ந்து வரும், கடைசியில் கூண்டு வைத்துப் பிடிக்கும் நிலை கரடிக்குத்தான். அண்டாவை அன்றே கழுவுங்கள். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்து மூடிய வாளியில் வீட்டுக்குள் வைத்திருந்து, காலையில் தூய்மைப் பணியாளரிடம் நேரில் கொடுங்கள். அவருக்கும் ஒரு துண்டு கேக் எடுத்து வைத்திருங்கள்.

வாடகைப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்துத் திருப்புங்கள். குடிலின் கேழ்வரகு நாற்றை மண்ணோடு தோட்டத்தில் சேர்த்துவிடலாம். அலங்காரங்களை ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள் வரை வைத்திருப்பது கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். அதன் பிறகு கழற்றி, பொங்கலுக்கு வாசலைத் தயார்செய்ய நேரம் சரியாக இருக்கும்.

அரக்கேரியாத் தொட்டியை வெயில் படும் தாழ்வாரத்துக்கு மாற்றி, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். தொட்டிக்கு அது பெரிதாகி நிலத்தில் நட நினைத்தால், வீட்டையும் மின்கம்பியையும் விட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள். நிலத்தில் வேர் பிடித்தால் வீட்டுக் கூரையைவிடப் பல மடங்கு உயரம் போகும் மரம் அது.